கடல் ஏற்றம் பார்த்துக் கிளம்பிய பறவைப் பயணம்

தைப்பூசம் வியாழக்கிழமை. பத்துமலை ஏறி இறங்கிய கால் வலி தீரவில்லை, சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு பத்தாங் பெர்ஜுந்தை கடைத்தெருவில் பேரனோடு வேனுக்குக் காத்திருந்தேன். ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி வெகுநாள் ஆகிறது, எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. இரண்டு நாள், ஒரு இரவு, தலைக்கு 320 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பதினெட்டுப் பேர். கோலசிலாங்கூர் கடலோரத்தில் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் பறவைகளைப் பார்ப்பதுதான் பயணம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று வேனில் சிலர் முணுமுணுத்தார்கள். வழிகாட்டித் தம்பி காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் சொன்ன காரணம் எனக்கு உடனே பிடித்துப்போனது. பூசத்தன்று பௌர்ணமி. அதை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அன்று காலை ஏழரை வாக்கில் தண்ணீர் முழுசாக ஏறி நிற்கும். வற்றிய நேரத்தில் போனால் பறவைகள் சேற்றில் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். நமக்குத் தெரிவது வெறும் புள்ளிகள். ஏறிய தண்ணீர் இறங்கத் தொடங்கும்போது கரையோரச் சேறுதான் முதலில் வெளியே தெரியும், பறவைகளும் அங்கேதான் முதலில் இறங்கும். "டீச்சர், நாம பறவைக்கு முன்னாடி போய் நிக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

ஜெராம் கடற்கரையில் அப்படித்தான் நின்றோம். எட்டு மணிக்குத் தண்ணீர் விலகி, சாம்பல் நிறத்தில் ஒரு கீற்றுச் சேறு தெரிந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் வானத்திலிருந்து யாரோ அரிசியை அள்ளி வீசியது போல உள்ளான்கள் வந்து இறங்கின. சின்ன உப்புக்கொத்திகள் ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். பவளக்காலிகளின் சிவப்புக் கால் காலை வெயிலில் நன்றாகத் தெரிந்தது. குதிரைமலைக் கோட்டான் வளைந்த நீள மூக்கைச் சேற்றுக்குள் முழுசாக விட்டு ஒரு நண்டை இழுத்து, காலை உதறிப் பிய்த்துவிட்டு விழுங்கியதை என் பேரன் மூச்சு விடாமல் பார்த்தான். சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீன்களை அவன் கவனிக்கவே இல்லை.

முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். வலசை என்ற பாடத்தைக் கரும்பலகையில் எத்தனையோ முறை அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். சைபீரியாவில் முட்டையிட்டு, சீனக் கரையோரம் இறங்கி இரை தேடி, இங்கே வந்து மார்ச், ஏப்ரல் வரை தங்கும் உயிர்கள் அன்று என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தன. பட்டைவால் மூக்கான் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பதினோரு நாளில் பறந்ததை முதுகில் கட்டிய கருவி காட்டியது. அதைத் தம்பி சொன்னது, அதே இனத்துப் பறவை ஒன்று எங்கள் முன்னால் தலையைச் செருகித் தூங்கிக்கொண்டிருந்தபோது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதித்தது ஒரு சிறிய விஷயம். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக்காலி நின்றது. கால் சற்று மஞ்சளாக, மூக்கு சற்றுத் தடிப்பாக. நார்ட்மன் பச்சைக்காலியாக இருக்கலாம் என்று ஒருவர் கிசுகிசுத்தார். ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் மட்டும் குஞ்சு பொரிக்கும் அரிய இனம் அது. உலகத்திலேயே சுமார் இரண்டாயிரத்துக்குள்தான். முக்காலியில் நிற்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு எல்லாரும் முண்டினார்கள். தம்பி இருபது நிமிடம் பார்த்தார். "பறக்கும்போது இறக்கையோட அடிப்பக்கம் வெள்ளையா இருக்கான்னு பாக்காம சொல்ல மாட்டேன்" என்றார். அது பறந்தபோது ஒரு படகு நடுவில் வந்துவிட்டது. பட்டியலில் எழுதவில்லை. கட்டணம் கட்டியவர்களைச் சந்தோஷப்படுத்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் சொல்லவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டுப் பேருக்கு இரண்டே ஸ்கோப். என் பேரனுக்குப் பத்து வயது. முக்காலியை அவன் உயரத்துக்குத் தம்பி இறக்கிக் கொடுத்தாலும், வரிசையில் நின்று பார்ப்பதற்குள் பாதிப் பறவைகள் இடம் மாறிவிட்டன. இந்தக் கட்டணத்துக்கு மூன்றாவது ஸ்கோப் அவசியம் வேண்டும். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த இரண்டு அக்காமாருக்கு மதியம் பெலாச்சான் என்ற இறால் பசை போட்டுப் பிரட்டிய கங்கோங் கீரை வந்தது. அவர்கள் வெறும் சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஏற்பாடு செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் பூசம் முடிந்த வாரத்தில் இதை மறக்கலாமா?

பிற்பகல் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா. மலேசிய இயற்கைக் கழகம் பல வருடம் பார்த்துக்கொண்ட இடம், 1987இலிருந்து இருக்கிறது. கண்டல் காட்டுக்குள் பலகைப் பாதை. நடக்க முடிந்த வயதானவர்களும் போகலாம், கொசு மருந்து மட்டும் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். குளக்கரை மரங்களில் சாம்பல் நாரைகளும் வக்காக்களும். தூரத்தில் பெரிய வெள்ளை நாரை இரண்டு. மலாய்க்காரர்கள் உப்பே என்று சொல்லும் இந்த இனத்தை நெகாரா விலங்குக்காட்சிசாலையில் வளர்த்து இங்கே விட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றின் வால்பக்கம் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தது; வர்ணநாரையோடு கலந்து பிறந்ததாக இருக்கலாமாம். அப்படிக் கலப்பது இனத்துக்கே ஆபத்து என்று தம்பி விளக்கினார்.

இரவு கம்போங் குவாந்தானில் மின்மினி. எங்கள் ஊர்ப் பக்கம் ஓடிவரும் அதே சிலாங்கூர் ஆறுதான், பெரம்பாங் மரங்களில் மின்மினி கூட்டமாக மின்னும். ஆனால் பௌர்ணமி முடிந்து இரண்டாம் நாள், நிலா எழுவதற்கு முன்னால் படகில் ஏறியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கடையில் நேரம் போய், நாங்கள் ஏறும்போது நிலா மரத்துக்கு மேலே வந்துவிட்டது. வெளிச்சம் மங்கிப்போனது. காலையில் கடல் ஏற்றத்தை அவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டவர்கள் நிலாவைக் கணக்கில் எடுக்காதது எனக்கு வருத்தம்தான்.

தங்கிய வீடு சுத்தம், காற்றாடி மட்டும்தான். ஞாயிறு காலை நாசி லெமாக் பசியாறிவிட்டு மறுபடி கரை, அப்புறம் செகிஞ்சான் வயல். வயலில் கொக்குகள் நிறைய, வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில் செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டோரம் வேனை நிறுத்தி, கம்பத்தின் மேல் மரப்பெட்டி ஒன்றைத் தம்பி காட்டினார். எலியைப் பிடிக்கத் தோட்டத்தார் ஆந்தைக்கு வைக்கும் பெட்டி. வேனில் பாதிப் பேருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், என் அப்பா இப்படிப்பட்ட பெட்டிகளுக்குக் கம்பம் நட்டவர். இந்த நாட்டில் 1917இல் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஆந்தை கத்தினால் சாவு விழும் என்று லயத்தில் பாட்டிமார் பயப்படுவார்கள். அப்பாவோ ராத்திரி அந்தச் சத்தம் கேட்டால்தான் நிம்மதியாகத் தூங்குவார். அதை வேனில் எல்லாருக்கும் சொன்னேன். தம்பி தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பேரன் கணக்கில் முப்பத்தொரு இனம். பச்சைக்காலிக்கு நேரே அவனே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான். மார்ச்சில், ஊர் திரும்புவதற்கு முன், உப்புக்கொத்திகளின் மார்பு செங்கல் நிறத்துக்கு மாறுமாம். அந்தப் பயணத்துக்கு இரண்டு இடத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன், மூன்றாவது ஸ்கோப்பையும் கேட்டு வைத்திருக்கிறேன்.