பிரசவ அறையா, ஓபியா? மகப்பேறு நர்சிங் மேற்படிப்புகள் ஒரு மதிப்பீடு

ஈரோட்டிலோ திருப்பூரிலோ லேபர் வார்டு டியூட்டி பார்க்கிற நர்சுக்கு மேற்படிப்பு என்றதும் எல்லோரும் சொல்வது எம்.எஸ்சி. மகப்பேறு நர்சிங். கோவையைச் சுற்றிக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. அந்தச் சௌகரியத்துக்காகவே சேருகிறவர்கள் அதிகம். படிப்பு எந்த வேலைக்குத் தயார் செய்கிறது என்பதைப் பிறகுதான் பார்க்கிறார்கள்.

தயார் செய்வது பாடம் நடத்த. 2 வருஷம், பி.எஸ்சி.யில் 55 சதவீதம், 1 வருஷ அனுபவம். ஆய்வேடும் கற்பித்தல் பயிற்சியும் நேரத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். முடித்தால் நர்சிங் கல்லூரி வேலைக்குக் கதவு திறக்கும். பிரசவ அறையில் தனியாக முடிவெடுக்கும் உரிமை எதுவும் கூடுதலாக வராது. எம்ஆர்பி (தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கோ இந்தப் பட்டத்தைக் கேட்பதே இல்லை. வகுப்பெடுக்கப் பிடித்தவருக்கு நல்ல தேர்வு, மற்றவர்கள் யோசிக்கணும்.

யோசித்தும் சேருவதாக இருந்தால், கட்டடத்தைப் பார்க்காமல் போஸ்டிங் போகும் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் அதைவிட அதிகம். ஆபரேஷன் தியேட்டர் மட்டுமே ஓடுகிற இடத்தில் மாணவிக்குச் சுகப்பிரசவக் கேஸ் எங்கிருந்து வரும்? லாக் புக் நிறையும், கை பழகாது. இரண்டாம் வருஷ மாணவியிடம் போன மாதம் தன் கையால் எத்தனை பார்த்தார் என்று கேளுங்கள். பார்டோகிராஃபை அங்கே எப்படி எழுதுகிறார்கள் என்றும் கேளுங்கள். குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணிக்கொரு தரமும், கர்ப்பவாய் விரிவை 4 மணிக்கொரு தரமும் குறிக்க வேண்டிய தாள் அது. இரண்டு ஷிஃப்ட் தாண்டிய பிரசவத்தில் எல்லாப் புள்ளியும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால், பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து நிரப்பியது. அங்கே படித்தால் அந்தப் பழக்கம்தான் ஒட்டும்.

பிரசவம் பார்ப்பதுதான் ஆசை என்றால், மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் வந்த நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி சரியான இடம். 12 மாதம் பயிற்சி, 6 மாதம் இன்டர்ன்ஷிப். பதிவு பெற்ற ஜிஎன்எம்மும் (நர்சிங் டிப்ளமோ படித்தவர்) சேரலாம். பிரசவம் பார்த்த அனுபவம் வேண்டும். ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளை மிட்வைஃபே முழுக்கக் கவனித்து, சிக்கல் தெரிந்ததும் டாக்டரிடம் அனுப்புவதுதான் திட்டம். ஒருக்களித்தோ குந்தியோ பெற விடுவது, பிறப்புவாயை வழக்கமாக வெட்டித் தைக்காமல் இருப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. (அம்மாயிமார் குந்தவைத்துப் பெற்றதைப் பேத்திமார் இப்போது சிலபஸில் படிக்கிறார்கள்.) குறை, பயிற்சிக்குப் பிந்தைய போஸ்டிங். மிட்வைஃப் நடத்தும் யூனிட் இல்லாத இடத்துக்குப் போனால் 18 மாதப் படிப்பு பொது வார்டில் ஊசி போடுவதில் கரையும். சேரும்போதே போஸ்டிங் எங்கே என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்கக் கனவு உள்ளவர்களுக்கு இது குறுக்கு வழி ஆகாது. முதலில் என்கிளெக்ஸ்-ஆர்என் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, மாநில உரிமம், அதன்பின் அங்கே முதுநிலைப் படிப்பு. அங்கும் பாதை இரண்டு. சிஎன்எம் (சர்டிஃபைட் நர்ஸ் மிட்வைஃப்) பிரசவம் பார்ப்பார். பிறந்த குழந்தையை 28 நாள் வரை கவனிப்பார். பருவப் பெண் முதல் மாதவிடாய் நின்றவர் வரை வைத்தியமும் பார்த்து மருந்தும் எழுதுவார். டபிள்யூஎச்என்பி (பெண்கள் நல நர்ஸ் பிராக்டிஷனர்) கர்ப்பகாலப் பரிசோதனை, பேறுகாலத்துக்குப் பிந்தைய கவனிப்பு, கருத்தடை, மெனோபாஸ் எல்லாம் பார்ப்பார், பிரசவம் மட்டும் பார்க்க மாட்டார். ராத்திரி அழைப்பு வேண்டாம் என்பவர்க்கு இது தோது. ஆனால் வேலைச் சந்தை சின்னது: ஆண்கள், குழந்தைகள் என்று எல்லாரையும் பார்க்கிற ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனரையே சின்ன கிளினிக்குகள் விரும்பும். இரண்டில் ஒன்று என்றால் எங்கள் ஓட்டு சிஎன்எம்முக்கு. அவர் ஓபியிலும் உட்காரலாம், டபிள்யூஎச்என்பி லேபர் ரூமில் பிரசவம் பார்க்க முடியாது.

பிரிட்டனில் நர்சுக்கும் மிட்வைஃபுக்கும் பதிவேட்டில் பிரிவே தனித்தனி. "ஆர்என்ஆர்எம் (இந்தியாவில் நர்ஸ், மிட்வைஃப் என்று சேர்த்துத் தரும் பதிவு) இருக்குதல்லங்க, நேரா மிட்வைஃப்தான்" என்று ஏஜென்ட் சொன்னால், எந்தப் பிரிவில் விண்ணப்பம் போடுகிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வெளிநாட்டில் எங்கே போனாலும், மகப்பேறு பாடத்தின் தியரி மணி தனியாக, கிளினிக்கல் மணி தனியாகப் பிரித்த டிரான்ஸ்கிரிப்டைப் பழைய கல்லூரியில் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மணி மட்டும் போட்டுக் கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள்.