சத்தத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிய ஹெட்டரும், அதற்குப் பிறகு வந்ததும்

என் வண்டி 2013 மாடல் டொயோட்டா 86. எஞ்சினின் புகையை வெளியே எடுத்து ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுப்பான ஹெட்டரை மாற்றி நான்கு ஆண்டுக்கு மேல் ஆகிறது. சரியாகச் சொன்னால், இரண்டு முறை மாற்றினேன். முதலாவது பதினான்கு மாதம் தாங்கியது. இரண்டாவது 41,000 கிலோமீட்டர் ஓடி இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. மாட்டிய முதல் வாரத்தின் பரவசத்தில் எழுதியிருந்தால் முதல் ஹெட்டரைத்தான் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருப்பேன். அதனால்தான் இத்தனை நாள் பொறுத்து எழுதுகிறேன்.

86-ஐ ஓட்டுபவர்களுக்கு அந்தப் பள்ளம் தெரியும். 1,998 சிசி, நான்கு சிலிண்டர், பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் எதிரெதிராகப் படுத்திருக்கும்), டர்போ கிடையாது. 7,000 ஆர்பிஎம்மில் 200 குதிரைத்திறன், அதிகபட்ச டார்க் (சுழற்று விசை) 205 நியூட்டன் மீட்டர். கம்ப்ரெஷன் 12.5. காகிதத்தில் எல்லாம் அழகு. ஆனால் எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி டார்க் கோட்டைப் பார்த்தால் ஏறக்குறைய 3,500-க்கும் 4,500-க்கும் நடுவில் கோடு தொய்ந்து கிடக்கும். மூன்றாவது கியரில் முந்தலாம் என்று மிதிக்கும்போது எஞ்சின் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி இருக்கும். அதைத் தாண்டியதும் உயிர் வந்து ஓடும். தினமும் சாலையில் நமக்குத் தேவைப்படுவதோ அந்த 4,000-ஐச் சுற்றிய இடம்தான். 7,000-ஐத் தொடுகிற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹெட்டர் வாங்கும்போது இந்த எளிய கணக்கை நான் போடவில்லை.

போட்டது வேறு கணக்கு: சத்தம்.

பாக்ஸர் எஞ்சினுக்கான ஹெட்டர்களில் இரண்டு சாதி உண்டு. நான்கு குழாய்களும் சம நீளம் கொண்டவை ஒன்று. நீளம் கூடக்குறைய இருப்பவை இன்னொன்று. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1-3-2-4 என்ற வரிசையில் வெடிக்கின்றன. ஒன்றும் மூன்றும் ஒரு பக்கம், இரண்டும் நான்கும் மறு பக்கம். ஆக, ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு, பிறகு எதிர்ப்பக்கத்தில் இரண்டு. ஒரு பக்கத்துக் குழாய்களை நீளமாகவும் மறு பக்கத்துக் குழாய்களைக் குட்டையாகவும் வைத்தால், புகை ஒன்றுசேரும் இடத்துக்கு ஒரு பக்கத்துத் துடிப்புகள் தாமதமாக வந்து சேரும். தாளம் தப்பும். பாக்ஸர் எஞ்சின் கொண்ட பழைய சுபாரு கார்களின் அந்தக் கடகடத்த உறுமல் இந்தத் தப்பிய தாளம்தான். சம நீளம் வைத்தால் துடிப்புகள் சீராக வந்து, சத்தம் மெல்லிய இழுவையாக மாறிவிடும். எனக்கு உறுமல் வேண்டியிருந்தது. சமமில்லாத நீளம், உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே (சுருக்கமாக, கேட்) இல்லாத ஒன்றை வாங்கினேன். அதிகபட்சக் குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்று அட்டைப்பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதையும் நம்பினேன்.

முதல் மாதம் சொர்க்கம். சுரங்கப்பாதை எங்கே வரும் என்று தேடித் தேடி ஓட்டினேன். மூன்றாவது மாதம், அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போனபோது அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, பின்னாடி லாரி ஏதாவது வருதா?" லாரி எதுவும் வரவில்லை. ஆறாவது கியரில் 2,700 ஆர்பிஎம்மில் கேபினுக்குள் ஒரு ரீங்காரம் எழுந்து தலைக்குள் குடியேறிவிடும். ஐந்து நிமிடச் சவாரியில் இது தெரியாது. மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு, வண்டியை நிறுத்தினாலும் காதில் நிற்கும்.

அடுத்தது நாற்றம். 86-இல் முதல் கேட் ஹெட்டரோடு சேர்ந்தே வருகிறது. இரண்டாவது பின்னால், ஃப்ரண்ட் பைப்பில் இருக்கிறது. எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதல் கேட் சீக்கிரம் சூடாகி வேலையைத் தொடங்கும். அதை எடுத்துவிட்டால், தள்ளியிருக்கும் இரண்டாவது சூடாகும்வரை புகை அப்படியே வெளியே போகும். காலையில் வண்டியை எடுத்தால் சட்டையில் பெட்ரோல் வாடை ஒட்டும். சிக்னலில் கண்ணாடியை இறக்க முடியாது. அப்புறம் செக் எஞ்சின் விளக்கு: பி0420, அதாவது கேட் சரியாக வேலை செய்யவில்லை என்ற குறியீடு. வேலை செய்ய அங்கே கேட்டே இல்லை என்பது பாவம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்கு அடியில் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) வைத்து விளக்கை அணைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். செய்தும் பார்த்தேன். விளக்கு அணைந்தது, நாற்றம் அப்படியே இருந்தது. பல நாடுகளில் கேட்டை எடுத்துவிட்டுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும் வாங்குவதற்கு முன்பே நான் யோசித்திருக்க வேண்டும்.

பதினான்காவது மாதம் டிக்-டிக்-டிக் என்று ஒரு சத்தம். குளிர்ந்த எஞ்சினில் பலமாகக் கேட்டது, சூடானதும் குறைந்தது. வால்வுப் பக்கத்து டேப்பெட் சத்தம் என்று நினைத்தேன். ஸ்கேனரில் பார்த்தால் எரிபொருள் திருத்தம் நாளுக்கு நாள் கூட்டல் பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. கேட்டுக்கு முன்னால் இருக்கும் முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கும் முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் ஆக்ஸிஜன் அதிகம் என்று சொல்லும். ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். கழற்றிப் பார்த்தபோது, இரண்டு குழாய்கள் ஒன்றுசேரும் வெல்டிங்கின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு விரிசல்.

ஏன் விரிந்தது என்பதை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் நன்றாகவே நீளும். ஒரு மீட்டர் குழாய் 600 டிகிரி சூடானால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீள்கிறது. பாக்ஸரில் ஹெட்டரின் ஒரு கை எஞ்சினின் இடப்பக்கமும் இன்னொரு கை வலப்பக்கமும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. நீளும் குழாய்க்குப் போக இடமில்லை. ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் அந்த இழுபறி முழுவதும் வெல்டிங்கின் தலையில் விழுகிறது. என் ஹெட்டரின் குழாய் மெல்லியது, நீளும்போது நகர இடம் தரும் வழுக்கு இணைப்பு எதுவும் அதில் இல்லை. போதாக்குறைக்கு நானே ஒரு தப்பும் செய்திருந்தேன்: வெப்பத்தை அடக்கலாம் என்று குழாய் முழுக்கத் துணிப்பட்டி சுற்றியிருந்தேன். பட்டி சூட்டை உள்ளேயே வைக்கிறது, குழாய் இன்னும் சூடாகிறது. மழையில் ஓட்டினால் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பட்டியைப் பிரித்தபோது வெல்டிங் ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்பதெல்லாம் பாத்திரக் கடைக் கதை.

இரண்டாவது ஹெட்டரை வாங்க ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். அதுவரை ஒரிஜினலைத் திரும்ப மாட்டி ஓட்டினேன். (ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விற்கவும் வேண்டாம்.) அந்த மாதங்களில்தான் குழாயின் நீளம் ஏன் முக்கியம் என்பது மண்டையில் ஏறியது.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் பாய்கிறது. அந்தச் சூட்டில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 600 மீட்டர். குழாய்கள் சேரும் இடத்தை அடைந்ததும் அதில் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்புகிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் இது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துவிட்டுப் புதுக் காற்றுக்கு வழி விடும். 60 சென்டிமீட்டர் குழாயில் போய்வர 2 மில்லிநொடி. 4,000 ஆர்பிஎம்மில் அந்த நேரத்தில் கிராங்க் 48 டிகிரி சுற்றியிருக்கும். 7,000-இல் 84 டிகிரி. அலைக்கு எந்த வேகத்திலும் அதே நேரம்தான், எஞ்சின் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே எல்லா ஆர்பிஎம்முக்கும் பொருந்துகிற ஹெட்டர் என்று ஒன்று கிடையாது. எந்த இடத்தில் உதவி வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேரும் 4-1 வகை பொதுவாக மேல் ஆர்பிஎம்முக்குச் சாதகம். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 நடுப்பகுதியை நிரப்பும். என் பள்ளம் நடுவில் இருக்கிறது. முடிவு அவ்வளவுதான், இதற்கு ஐந்து மாதம் தேவையே இல்லை.

வாங்கியது சம நீளம், 4-2-1, உள்ளே உலோகக் கேட். ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் கிராங்க் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது, அதனால் ஒன்று இன்னொன்றின் வழியில் குறுக்கிடாது. இரண்டு இடங்களில் வழுக்கு இணைப்பு இருக்கிறது. குழாய் நீண்டால் உள்ளே நகர்ந்துகொள்ளும். எஞ்சினோடு போல்ட் போடும் தகடான ஃபிளாஞ்ச் நல்ல தடிமன். வாங்குவதற்கு முன் கைபேசி டார்ச்சை அடித்துக் குழாய்க்குள் பார்த்தேன். வெல்டிங் செய்யும்போது உள்பக்கம் ஆர்கான் வாயு செலுத்தாவிட்டால், உள்ளே கருகிய சர்க்கரை போலப் பொரபொரவென்று இருக்கும். வெளியே எவ்வளவு அழகாக வானவில் நிறத்தில் வெல்டிங் தெரிந்தாலும் உள்ளே அப்படி இருந்தால் தொடவே வேண்டாம். என் முதல் ஹெட்டரை அறுத்துப் பார்த்தபோது உள்ளே அதுதான் இருந்தது.

கேட் விஷயத்தில் ஒரு சமரசம். கேட்டின் உள்ளே சல்லடை போல இருக்கும். சதுர அங்குலத்துக்கு 200 கண்கள் உள்ளதைவிட 400 கண்கள் உள்ளது கொஞ்சம் கூடுதலாக அடைக்கும், ஆனால் சுத்தமும் செய்யும். பி0420-உடன் இன்னொரு முறை குடித்தனம் நடத்த மனமில்லை, 400-ஐ எடுத்தேன். இன்றுவரை விளக்கு எரியவில்லை.

மாட்டுவது இந்த எஞ்சினில் சிரமமான வேலை இல்லை. ஹெட்டர் எஞ்சினுக்கு அடியில் இருப்பதால் வண்டியைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும். முந்தின நாள் இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து விட்டுவிடுங்கள். கேஸ்கெட் கண்டிப்பாகப் புதியது. சென்சார் ஒயர் குழாயில் படாமல் கட்டுங்கள். கடைசியாக ஒன்று: முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் குழாய் முழுவதையும் ஆல்கஹாலில் துடையுங்கள். இல்லையென்றால் உங்கள் கைரேகை சூட்டில் பதிந்து நிரந்தரமாக நின்றுவிடும். என் வண்டியின் முதல் ஹெட்டரில் மெக்கானிக்கின் ஐந்து விரலும் பதினான்கு மாதம் இருந்தன. இந்த முறை துணிப்பட்டியும் சுற்றவில்லை, மாட்டுவதற்கு முன்பே செராமிக் பூச்சு கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

மாட்டிய அன்று ஏமாற்றம்தான். பள்ளம் கொஞ்சம் ஆழம் குறைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பணம் போயிற்று என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஈசியூவை டியூன் செய்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் இன்டேக், எக்ஸாஸ்ட் கேம்கள் இரண்டின் நேரத்தையும் கம்ப்யூட்டர் மாற்ற முடியும். தொழிற்சாலை அமைப்பு தொழிற்சாலை ஹெட்டருக்கானது. புதுக் குழாயின் அலை எப்போது திரும்புகிறதோ அதற்கேற்ப வால்வு நேரத்தை நகர்த்தினால்தான் அந்த அலை பயன்படும். டியூன் செய்த பிறகு 3,500-லிருந்து வண்டி தயங்காமல் இழுக்கிறது. கோடு சமதளம் ஆகிவிடவில்லை. பள்ளம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தாழ்வு. மேல் முனையில் கூடியது எனக்கு உடம்பில் தெரியும் அளவுக்கு இல்லை. டியூனுக்குக் காசு ஒதுக்காமல் ஹெட்டர் மட்டும் வாங்க நினைப்பவர்கள் வாங்காமல் இருப்பதே மேல் என்று இப்போது கூசாமல் சொல்வேன்.

சத்தம்? உறுமல் போய்விட்டது. 5,000-க்கு மேல் ஒரு சுருதி சுத்தமான இழுவை, அதற்குக் கீழே அடக்கம். உண்மையைச் சொன்னால் சில மாலைகளில் பழைய கடகடப்பு ஞாபகம் வரத்தான் செய்கிறது. அக்கா மகள் இப்போது பின் சீட்டில் தூங்கிவிடுகிறாள்.

41,000 கிலோமீட்டரில் செய்த பராமரிப்பு கொஞ்சம்தான். முதல் 500 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். இரண்டு நட்டுகள் கால் திருப்பு இளகியிருந்தன. 18,000-இல் முன் சென்சார் மாற்றம், அது வயதுக்கோளாறு. வேகத்தடையில் ஒரு முறை அடிவாங்கி, சேரும் இடத்தில் சின்ன நெளிவு. ஹெட்டர் அடியில் இருக்கும் வண்டிகளில் வாங்குவதற்கு முன் தரையிலிருந்து அது எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்று கேட்டுவிடுங்கள். முதலாவது இதைவிடத் தாழ்வு, மாதம் ஒருமுறை உரசும்.

இரண்டாம் தலைமுறை 86 வைத்திருப்பவர்கள் இதில் பெரும்பகுதியைத் தாண்டிப் போகலாம். அதில் எஞ்சின் 2.4 லிட்டர், 250 நியூட்டன் மீட்டர் 3,700-இலேயே வந்துவிடுகிறது. நான் பாடுபட்டு நிரப்பிய இடத்தை அங்கே கொள்ளளவே நிரப்பிவிட்டது. பழைய 2.0 வைத்திருந்து, பழைய சந்தையில் ஹெட்டர் பார்க்கிறீர்கள் என்றால் விற்பவரிடம் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். டிக்-டிக் கேட்டால் "சூடானா போயிடும் சார்" என்பார். போகத்தான் செய்யும். எனக்கும் போனது.