1,850 டாலர் போச்சு: மொபைல் ஹோம்ல எலி வர்ற வழியை அடைக்க ஆள் கூப்பிடுறவங்க கவனத்துக்கு

இப்பதான் போனை வச்சேன். ஆத்திரத்துல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வீட்டுக்கே வந்து எலி வர்ற ஓட்டையை அடைச்சுத் தர்ற பூச்சிமருந்துக் கம்பெனி ஒண்ணு. பேர் வேணாம். டெக்சஸ்ல எங்க டபுள்-வைடு மொபைல் ஹோமுக்கு (ஃபேக்டரியில ரெண்டு பாதியா செஞ்சு கொண்டுவந்து இணைக்கிற வீடு) 1,850 டாலர், "வாழ்நாள் வாரண்டி". வந்தவர் வீட்டுக்கு அடியில ஊர்ந்து போய், முழங்கால் முழுக்க மண்ணோட வெளிய வந்து, போன்ல புழுக்கை போட்டோ காட்டினார். அந்த மண்ணைப் பார்த்துதான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

செஞ்ச வேலை? ஸ்கர்ட்டிங் (வீட்டுக்கு அடியில சுத்தி மறைக்கிற தடுப்பு) ஓரமா மஞ்சள் ஃபோம், நாலு மூலையில விஷப் பெட்டி. அவ்வளவுதான். 12வது நாள் சிங்குக்குக் கீழ மறுபடி புழுக்கை, அடுத்த வாரம் செத்த நாத்தம்.

இந்த வீடுங்க இரும்புச் சட்டத்து மேல நிக்குது. தரைக்கு அடியில இன்சுலேஷன் பஞ்சு, அதைத் தாங்க ஒரு கறுப்பு ஷீட். 'பெல்லி'ன்னு சொல்வாங்க. என்னைக்கோ குழாய் பார்க்க வந்த பிளம்பர் அதைக் கிழிச்சு அப்படியே விட்டிருந்தாப் போதும், எலிக்கு மெத்தை போட்ட ரூம் ரெடி. அங்கிருந்து குழாய் ஏறுற ஓட்டை வழியா நேரா சமையலறை. சுண்டெலிக்குக் கால் இஞ்ச் சந்து போதும், பெரிய எலிக்கு அரை இஞ்ச். வாட்டர் ஹீட்டரோட வெளிக்கதவு, துணி டிரையரோட காத்து வெளிய போற வென்ட், ரெண்டு பாதியையும் இணைக்கிற கிராஸ்ஓவர் டக்ட் (காத்துக் குழாய்) எல்லாமே வழிதான். ஃபோமை எலி கடிச்சுக்கிட்டே போயிடும். விஷம் தின்னது பெல்லிக்குள்ளேயே செத்தா, ஷீட்டை அறுக்காம எடுக்க முடியாது.

போன் பண்ணா "சூப்பர்வைசர் கூப்பிடுவார்". கூப்பிடல. ஆறாவது தடவை, "நாங்க அடைச்ச இடத்துக்குத்தான் சார் வாரண்டி, இது புது ஓட்டை." புது ஓட்டையாம்! அவங்க ஆள் எடுத்த அதே போட்டோவுல, புழுக்கைக்கு மேலயே கிழிஞ்ச ஷீட்டும் தொங்குற பஞ்சும் தெரியுது. 1,850 டாலர் வாங்கினவங்க கண்ணுக்கு மட்டும் தெரியல.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. பெல்லி கிழிசலை ஒட்டித் தருவோம்னு எழுதி வாங்காம பணம் கொடுக்காதீங்க. குழாய் ஓட்டையில காப்பர் மெஷ் (செம்புக் கம்பி வலை) திணிச்சு மேல சீலன்ட் பசை பூசணும் (ஸ்டீல் வூல், அதாவது இரும்பு நார், துருப்பிடிச்சு உதிரும்). ஸ்கர்ட்டிங் அடியில கால் இஞ்ச் கம்பி வலை, மண்ணுக்குள்ள 6 இஞ்ச் இறக்கி வெளிப்பக்கமா மடக்கணும். காத்து வென்ட்டுக்கும் வலைதான், அடைச்சா அடியில ஈரம் கட்டும். விஷம் வேண்டவே வேண்டாம், ஸ்னாப் பொறி வைங்க, இரை இருக்கிற முனை சுவரைப் பார்த்து. காஞ்ச புழுக்கையைப் பெருக்காதீங்க, தூசியா பறந்து மூச்சுல போனா ஹான்டா வைரஸ் (எலியால பரவுற நோய்) பயம் இருக்கு. 1 பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணி, 5 நிமிஷம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைங்க.

கார்டுல கட்டுங்க, பணத்தைத் திருப்பிக் கேட்டு பேங்க்ல டிஸ்ப்யூட்டாவது போடலாம். நான் கொடுத்தது செக். 1,850 டாலர்.