ஒரிஜினல் சான்றிதழை இன்டர்வியூவில் கொடுத்துவிட்டு வராதீர்கள்

பொறியியல் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் வேலை தேடுகிறவர்களுக்காக, முக்கியமாக ஏப்ரல், மே மாதங்களில் வரும் 'நேரில் வரவும்' விளம்பரங்களைப் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் ஏப்ரலில் எனக்கு நடந்தது. மேற்கு மாவட்டம் ஒன்றில் இருக்கும் சுயநிதிக் கல்லூரி. பெயர் போடவில்லை.

நான் கணிதத்தில் பிஎச்.டி. முடித்தவள். விளம்பரத்தில் 'ஏஐசிடிஇ விதிப்படி சம்பளம்' என்று இருந்தது. பொறியியல் கல்லூரிகளுக்கு விதி வகுக்கும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்தான் ஏஐசிடிஇ. ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். தனியார் கல்லூரியில் அவ்வளவு கிடைக்காது என்று தெரியும். பாதியாவது தருவார்கள் என்று நம்பி, விழுப்புரத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறினேன். காலையில் பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொண்டு 9 மணிக்குக் கல்லூரியில் இருந்தேன்.

ஆபீஸில் முதல் வேலையாக ஃபைலை வாங்கிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பிஎச்.டி. பட்டம் வரை எல்லாம் அசல். கூடவே ஆதார், பான் நகல், நான்கு போட்டோ. "வெரிஃபிகேஷனுக்குத்தான் மேடம், போகும்போது வாங்கிக்கலாம்" என்றார் கிளார்க். ரசீது எதுவும் தரவில்லை. எனக்கு முன்னால் நின்ற இருபது பேரும் கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். அந்த இடத்தில்தான் தவறினேன்.

என்னைக் கூப்பிட்டபோது மணி இரண்டே முக்கால். அதுவரை சாப்பாட்டுக்கு வெளியே போய் வரலாமா என்று கேட்டால்கூடப் பதில் சொல்ல ஆளில்லை. கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், பால் கொடுக்க இடம் கேட்டுவிட்டு, கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

உள்ளே கல்லூரியை நிர்வகிக்கும் கரஸ்பாண்டன்ட், அவர் மகன், பிரின்சிபல், மெக்கானிக்கல் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) என நான்கு பேர் இருந்தார்கள். கணிதம் படித்தவர் ஒருவரும் இல்லை. லாப்லாஸ் உருமாற்றம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். போர்டில் இரண்டு வரி எழுதியிருப்பேன், கரஸ்பாண்டன்டுக்கு போன் வந்தது. காலேஜ் பஸ்ஸுக்கு டீசல் போடுவதைப் பற்றி ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நான் நிறுத்தினேன். "நீ நடத்தும்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார். ஐந்து வருஷம் உழைத்த என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

வந்த கேள்விகள் வேறு. கல்யாணமாகி எத்தனை வருஷம்? குழந்தை இருக்கா? ஒன்றுதானா, அடுத்தது எப்போ? "இங்க மெட்டர்னிட்டி லீவெல்லாம் கிடையாது, இப்பவே சொல்லிடறேன்" என்றார் மகன். சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தரச் சொல்கிறது. பிரின்சிபலும் எச்.ஓ.டி.யும் அதைத் தெரிந்தவர்கள்தான், வாய் திறக்கவில்லை. அப்புறம், விழுப்புரத்தில் எந்தத் தெரு, அங்கே உங்க ஆளுங்க யார் யார் என்று கரஸ்பாண்டன்ட் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. தெருப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பிரின்சிபல் மேசையில் இருந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கடைசியில் சம்பளம்: 18,000, பிஎச்.டி.க்காக 2,000 சேர்த்து 20,000. வருஷத்துக்கு ஐந்து அட்மிஷன் பிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் கோடை விடுமுறைச் சம்பளம் கிடையாது.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்து ஃபைலைக் கேட்டேன். "ஜாயின் பண்ணத்தானே போறீங்க, இங்கயே இருக்கட்டும்" என்றார் கிளார்க். வேலை வேண்டாம், ஃபைலைக் கொடுங்கள் என்றேன். கரஸ்பாண்டன்ட் கையெழுத்துப் போட்டால்தான் தர முடியுமாம். அவர் கார் அதற்குள் கிளம்பிவிட்டது. ஆறரை மணி வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அடுத்த மூன்று வாரம் போன் செய்தபடியே இருந்தேன். ஒருமுறை நேரிலும் போய் வந்தேன். அந்தத் தடவைதான் ஆபீஸில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் மேடம், அதுவரைக்கும் தரமாட்டாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பல்கலைக்கழகத்தோடு கல்லூரிக்கு உள்ள இணைப்பை (அஃபிலியேஷன்) புதுப்பிக்க அண்ணா பல்கலைக்கழகக் குழு வருஷா வருஷம் வந்து பார்க்கும். ஏஐசிடிஇ விதிப்படி 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், அதில் பிஎச்.டி. முடித்தவர்கள் எத்தனை பேர் என்றும் பார்ப்பார்கள். ஒரே ஆளைப் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது, பல்கலைக்கழகமும் விசாரித்தது, நினைவிருக்கும். என் பெயரையும் அப்படிச் சேர்த்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வேலை வேண்டாம் என்றவளின் அசல் சான்றிதழை இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் பிடித்து வைக்க வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

கெஞ்சியதால் ஒன்றும் நடக்கவில்லை, எழுத்தில் கேட்டதும்தான் நடந்தது. எந்தத் தேதியில், யாரிடம், என்னென்ன சான்றிதழ் கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். கல்விச் சான்றிதழ் விற்பனைச் சரக்கு அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் குறிப்பிட்டேன். ஏழு நாளில் வராவிட்டால் போலீஸில் புகார், பல்கலைக்கழகத்துக்கும் ஏஐசிடிஇக்கும் நகல் என்று முடித்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஆறாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். கணவரோடு போய் வாங்கி வந்தேன். ஃபைலில் கோப்பதற்காக என் பிஎச்.டி. பட்டத்தில் இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள்.

அசலைக் காட்டுங்கள், உங்கள் கண் முன்னாலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வைத்துவிட்டுப் போ என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள், அந்த வேலை போனால் போகட்டும். கொடுக்கும் ஒவ்வொரு நகலிலும் தேதி போட்டு, 'இந்த நேர்காணலுக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆதார் நகலில் கட்டாயம் எழுதுங்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் கேட்டால், நான் அனுப்பிய கடிதத்தின் மாதிரியைத் தருகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அதே கல்லூரியின் விளம்பரம் திரும்ப வந்திருக்கிறது. கணிதத்துக்கு 3 இடம், பிஎச்.டி. முடித்தவர்களுக்கு முன்னுரிமை, அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.