கோத்தகிரியில் எங்கள் ரேடியோ கடை மூடப்போகிறது

இந்த முறை கனடாவிலிருந்து ஊருக்குப் போனபோது பல காரியங்கள் முன்பைவிடச் சுலபமாக நடந்தன. வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. போனிலேயே எடுத்துவிடலாம், அரசு பஸ்ஸில் வந்தால் அதுவும் வேண்டாம். சின்ன தண்ணீர் பாட்டில் மலையில் விற்கக் கூடாது என்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், வாட்டர் ஏடிஎம்மில் பிடித்துக்கொள்ளலாம். பெண்களுக்கான இலவசப் பஸ் 2024-இல் மலைக்கும் வந்துவிட்டதால் அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் மார்க்கெட் போய் வருகிறார். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

திணறிப்போனது ஒரே ஒரு விஷயத்தில்தான். அம்மாவுக்கு ஆன்லைனில் வாங்கிக் கொடுத்திருந்த எல்இடி டிவியில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், உங்கள் பின்கோடுக்கு ஆள் அனுப்புவதில்லை, கோயம்புத்தூருக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அவ்வளவு பெரிய டிவியை எப்படி மலையிலிருந்து இறக்குவது? “ரேடியோ கடைத் தம்பிகிட்ட சொல்லு, அவரு பாத்துக்குவாரு” என்றார் அம்மா.

அவர் மறுநாளே வந்தார். டிவியைப் போட்டுவிட்டு, ஜன்னல் திரையை மூடச் சொல்லி, செல்போன் டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மங்கலாகச் செய்தி வாசிப்பவரின் முகம் தெரிந்தது. “படம் இருக்கு பாப்பா, பின்னாடி வெளக்குதான் எரியல. ஸ்ட்ரிப் மாத்தினாப் போதும்.” கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் செய்து மாடல் நம்பர் சொன்னார். ரெண்டு நாளில் ஸ்ட்ரிப் பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. மாட்டி முடித்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே சொன்னார், பொங்கலோடு கடையை மூடப்போவதாக. அம்மா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் உள்ள உறவு பழையது. 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் தொடங்கப்பட்டது டேன்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் அதில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். நுவரெலியாப் பக்கமிருந்து அப்பா கொண்டுவந்த சாமான்களில் அவர் யாரையும் தொடவிடாதது டிரான்சிஸ்டர் ரேடியோ. வேலை முடிந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்ததும் இலங்கை வானொலி. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா குரல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்களைவிட்டு அங்கேயே தங்கிவிட்ட சொந்தக்காரர்களின் பெயர் என்றைக்காவது பிறந்தநாள் வாழ்த்தில் வருமா என்று அத்தை காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்.

அந்த ரேடியோ கெட்டுப்போனால் வீடே களையிழந்துவிடும். மழைக்காலத்தில் அடிக்கடி கெடும். மலை ஈரத்தில் வால்யூம் கட்டை கரகரக்கும், ஸ்பீக்கர் பேப்பர் பூஞ்சை பிடிக்கும், ஸ்டேஷன் முள்ளை இழுக்கிற நூல் இற்றுப்போகும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தே கோத்தகிரிக்குப் போவார். ரேடியோ கடை மாமா, அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பின்மூடியைக் கழற்றியதும் முதலில் முகர்ந்து பார்ப்பார். எரிந்த வாசனை இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் இன்னொரு வழி. சரிசெய்ததும் மூடியின் உள்பக்கத்தில் தேதியையும் என்ன மாற்றினார் என்பதையும் பென்சிலால் எழுதிவைப்பார். அப்பா இறந்த பிறகு அந்த மூடியைத் திறந்து பார்த்தேன். ‘கன்டென்சர்’, ‘நூல்’, மறுபடி ‘நூல்’, ‘பேண்ட் சுவிட்ச் கிளீன்’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் டைரி எழுதியதில்லை. எந்த வருஷம் மழை கடுமை என்பது அந்த மூடியைப் பார்த்தால் தெரியும்.

ரிப்பேர் செய்வதோடு விடமாட்டார், வைத்துக்கொள்ளவும் சொல்லித்தருவார். மீடியம் வேவுக்கான ஏரியல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதனால் சத்தம் குறைந்தால் ரேடியோவையே திருப்பிப் பாருங்கள், ஷார்ட் வேவுக்கு வெளியே கம்பி கட்டுங்கள் என்பார். ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழை மாதங்களில் டிவியைத் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் காயும் என்பார். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னால் அவர்கள் ஊர்களான ஹட்டிகளிலிருந்து ஆம்ப்ளிஃபயர்கள் வந்து குவியும். கடைக்குள் படுகப் பாட்டுக் கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டிவிகள் கோடை இடியில் எரிந்துபோய் வரிசையாக வந்தபோது, கூலியைப் பிறகு கொடுங்கள் என்று தோட்டத்துக்காரர்கள் எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார்.

ஏன் மூடுகிறார் என்று கேட்டேன். வாடகை ஏறிவிட்டது, முழங்கால் வலி. அதைவிட, இப்போது வரும் டிவியில் பேனல் போனால் புது டிவி விலை ஆகிறது. சில்லுகள் கண்ணுக்கே தெரியாத அளவு, பழைய ஐ.சி. மதுரையிலும் கிடைப்பதில்லை. பழகிய பையன்கள் எல்லாரும் திருப்பூருக்கும் செல்போன் கடைகளுக்கும் போய்விட்டார்கள். அவர் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. கூரியர்க்காரர் கொண்டுவந்து கொடுத்த பொருளைத் திறந்து பார்க்க இந்த மலையில் ஒரு கை வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அம்மா மாதிரி தனியாக இருப்பவர்களுக்கு ஒரு ஸ்ட்ரிப் போனாலும் முழு டிவியும் குப்பைதான்.

கிளம்புவதற்கு முன் கடைக்குப் போனேன். சுவர் அலமாரி முழுக்க, சரிசெய்து வைத்தும் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துப்போக வராத சாமான்கள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய தீப்பெட்டி அட்டை, அதில் பெயரும் ஊரும். பழைய நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். பாதி நம்பர் இப்போது இல்லை. எடைக்குப் போட அவருக்கு மனசு வரவில்லை.

கோத்தகிரி, கட்டபெட்டு, அரவேணு, கீழ்க்கோத்தகிரிப் பக்கமிருந்து வெளியூரும் வெளிநாடும் போனவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பாவோ தாத்தாவோ எப்போதோ கொடுத்த ரேடியோவோ டேப்போ அங்கே இருக்கலாம். ரசீது தேவையில்லை, பெயர் சொன்னால் போதும், அட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பொங்கல் வரைக்கும் காலை பத்து மணிக்கு மேல் கடையில் இருப்பார்.