மணாலி முதல் ஜெய்சல்மேர் வரை ஒரு ஏர் பம்ப்

லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன ஏர் பம்ப் ஒன்றை 2021இல் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வருபவை எல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதிதான். இரண்டு வருடம் டிக்கியில் கிடந்து, மாதம் ஒருமுறை வெளியே வரும். அதன் லட்சணம் முழுதாகத் தெரிந்தது 2023 நவம்பரில், நொய்டா நண்பர்கள் ஏழு பேர் இரண்டு காரில் மணாலியிலிருந்து தார் பாலைவனத்துக்கு இறங்கியபோதுதான்.

மணாலியில் காலை ஐந்து டிகிரி. எல்லா டயருக்கும் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. வைத்தேன். மறுநாள் மதியம் பஞ்சாப் சமவெளியில், பட்டிண்டாவில் பார்த்தால் 38. "மலையை விட்டு இறங்கினால் காற்று ஏறும் போல" என்றான் ஒருவன். எனக்கும் சரியென்று பட்டது; 33க்கு இறக்கிவிட்டோம். அடுத்த நாள் காலை ராஜஸ்தானின் பிகானேரில் எல்லாம் 28.

உண்மை நேர்மாறு. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். கீழே வந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்; டயருக்குள் அதே காற்று இருந்தாலும் பம்பின் மீட்டர் மூன்று புள்ளி போலக் குறைத்துத்தான் காட்டும். சமவெளியின் வெயில் அந்த மூன்றையும் திருப்பித் தந்துவிடும். நாங்கள் பார்த்த 38, ஓடிச் சூடான டயரின் கணக்கு. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பதுதான் கணக்கு. இது தெரியாமல் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். (அதன் மீட்டர் இரண்டு புள்ளி கூட்டிக் காட்டுவது தனிக் கதை. பேனா மாதிரி இருக்கும் சாதா கேஜ் ஒன்றை அப்புறம் வாங்கி ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.)

பிகானேருக்கு முன்பே இந்திரா காந்தி கால்வாயைத் தாண்டியிருந்தோம். பியாஸ், சட்லெஜ் ஆறுகள் சேரும் ஹரிகேயில் தொடங்கும் கால்வாய் அது. மணாலியில் அறை ஜன்னலுக்குக் கீழே இரைந்துகொண்டிருந்த பியாஸ் தண்ணீரும் எங்களைப் போலவே பாலைவனத்துக்கு வந்துகொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்தோம்.

பம்பின் நிஜப் பரீட்சை ஜெய்சல்மேரைத் தாண்டி, சம் மணல்மேடுகளில். கூடாரத்துக்குப் போகும் மண் பாதையில் முதல் கார் புதைந்தது. தள்ளத் தள்ள இன்னும் கீழே போனது. அந்தப் பக்கம் வந்த ஜீப்காரர், "ஹவா நிகாலோ" (காற்றை இறக்குங்கள்) என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். 18க்கு இறக்கினோம். டயர் தட்டையாகி மணலில் நீளமாகப் படிந்ததும், கார் தானாக நகர்ந்த மாதிரி வெளியே வந்தது. இரண்டாவது காருக்கும் முன்கூட்டியே இறக்கிவிட்டோம்.

சாதாரண ரோட்டில் அப்படியே ஓட்டினால் டயர் சூடாகிப் பாழாகும். ஆக, மறுநாள் எட்டு டயருக்கும் காற்று அடிக்க வேண்டும். ஒன்றுக்கு எட்டு நிமிடம். மூன்றாவது டயரில் பம்ப் கொதித்து நின்றது. பித்தளை முனையைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். ஆறவைத்துத் திரும்பப் போட்டால் சாக்கெட்டின் பியூஸ் போயிற்று. மீதி டயர்களுக்கெல்லாம் மற்றக் காரிலிருந்த, பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் பெரிய பம்ப்தான் அடித்தது, அதுவும் பாதி நேரத்தில்.

ஊருக்குள் பஞ்சருக்கு, காலைச் சரிபார்ப்புக்கு என் பம்ப் தாராளம், இன்றைக்கும் ஓடுகிறது. கூட்டமாக மணலுக்குப் போகிறவர்கள் கிளிப் வகையையே வாங்குங்கள். என் டிக்கியில் இப்போது இரண்டு உபரி பியூஸ், ஒரு பழைய கையுறை, நாலைந்து வால்வு மூடி இருக்கின்றன. சம்மில் தொலைத்த மூடிகள் இரண்டு.