நடு எஞ்சின் ரேஸ் கார்: பழைய காரை வெட்டுவதா, முழுதாகக் கட்டுவதா?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நடு எஞ்சின் ரேஸ் காராக, அதாவது ஓட்டுபவருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் எஞ்சின் உள்ள காராக மாற்றப் போகிறேன் என்று கொழும்பில் யாரிடம் சொன்னாலும் "என்ன எஞ்சின் போடுறீங்க?" என்றுதான் கேட்பார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்தக் கியர்பொக்ஸ், அதோடு சேரும் பின் சஸ்பென்ஷன் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவர்தான் காரை ஓட்டிக் காட்டுவார். மற்றவர்களின் கார் கராஜின் மூலையில் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். ஆகவே இங்குள்ள மூன்று வழிகளையும் அந்த இரண்டையும் அளவுகோலாக வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதல் வழி, ஏற்கெனவே நடு எஞ்சினோடு வந்த டொயோட்டா எம்.ஆர்.2 ஒன்றை எடுத்து, ஆள் உட்காரும் நடுக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு பின்பகுதியை மட்டும் புதிதாகச் செய்வது. இரண்டாவது, மஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற முன் எஞ்சின் கார் ஒன்றில் எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது. மூன்றாவது, பழைய காரிலிருந்து உதிரிகளை மட்டும் கழற்றிக்கொண்டு சட்டம் முழுவதையும் இரும்புக் குழாயில் கட்டுவது.

நடு எஞ்சின் என்றாலே பெரிய தொழிற்சாலைகளின் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பட்டறையில் பிறந்த யோசனை. 1946-இல் இங்கிலாந்தில் ஜோன் கூப்பரும் நண்பர் எரிக் பிரண்டனும் ஃபியட் டொபொலினோ கார்களின் முன்பகுதிகள் இரண்டை முதுகோடு முதுகாகப் பொருத்தி, ஓட்டுபவருக்குப் பின்னால் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை வைத்தார்கள். பின்னால் சங்கிலி போட அதுதான் வசதி. அந்த வழியில் வந்த கூப்பர் காரில்தான் 1958-இல் ஸ்டெர்லிங் மொஸ் ஆர்ஜென்டினா கிராண்ட் பிரீயை வென்றார். அடுத்த ஆண்டு ஜாக் பிரபாம் உலகச் சம்பியன் ஆனார். பழைய கார் உதிரியில் தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, கியர்பொக்ஸுக்கு வருவோம். நடுவில் வைக்கும் எஞ்சினுக்குக் கியர்பொக்ஸும், சக்தியை இரண்டு சில்லுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்க வேண்டும். முன்சில்லு இழுக்கும் கார் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எஞ்சின், கியர்பொக்ஸ், இரண்டு பக்க ஷாஃப்ட் எல்லாவற்றையும் திருப்பாமல், முன்னே பார்த்தபடியே பின்னுக்கு நகர்த்தினால் சுழலும் திசை மாறாது, முதல் கியர் முதல் கியராகவே இருக்கும். 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, ஃபியட் 128-இன் முன்பகுதியை இப்படிப் பின்னுக்கு எடுத்ததுதான். 1984-இல் வந்த முதல் எம்.ஆர்.2-வும் கொரோலா குடும்பத்தின் 4ஏ-ஜிஈ எஞ்சினை வைத்து அதே வேலையைச் செய்தது.

வொக்ஸ்வேகன் பீட்டிலின் கியர்பொக்ஸில் ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதை நடுவுக்குக் கொண்டுவர எல்லாவற்றையும் திருப்பினால் ஒரு கியர் முன்னுக்கும் நாலு கியர் பின்னுக்கும் ஓடும். உள்ளே டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான ரிங் கியரை மறுபக்கம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். பின் எஞ்சின் காரான 911-இன் கியர்பொக்ஸைத் தன் நடு எஞ்சின் காரான 914-க்குப் பயன்படுத்தியபோது போர்ஷே செய்ததும் இதுதான். ஆனால் பழைய பீட்டில் பொக்ஸ் சிறிய சக்திக்காகச் செய்தது. அதன் மேல் 200 குதிரைச் சக்தியை ஏற்றிவிட்டு நிம்மதியாக மலை ஏற முடியாது.

கொழும்பில் பழைய வாகன உதிரிகள் விற்கும் பஞ்சிகாவத்தையில் நான் வழக்கமாகப் போகும் கடையின் நானா சொல்லும் கணக்கு எளிமையானது. "தம்பி, எஞ்சின் எப்பவும் வரும். அதே காரின்ட கியர்பொக்ஸ், ரெண்டு ஷாஃப்ட், ஹப் (சில்லு பூட்டுற நடுப்பகுதி), கேபிள், கம்பியூட்டர், வயர் செட் எல்லாம் ஒண்டா வருதா எண்டு பாருங்க." ஒன்று குறைந்தாலும் அந்த ஒன்றைத் தேடி அலைவதிலேயே மாதங்கள் போகும். 2020-இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார் ஒவ்வொன்றின் உதிரிக்கும் விலை ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இந்த அளவுகோலில் முதல் வழி தெளிவாக முன்னே நிற்கிறது. எம்.ஆர்.2-வில் நீங்கள் யோசிக்கவே வேண்டியிராத பல வேலைகளை டொயோட்டா செய்து முடித்திருக்கிறது. ரேடியேட்டர் முன்னே, எஞ்சின் பின்னே என்றால் தண்ணீர்க் குழாய்கள் தரைக்குக் கீழே நீளமாக ஓட வேண்டும், அவற்றில் காற்று அடைபடாமல் வெளியேற வழி வேண்டும். கியர் மாற்றும் கேபிள் கைப்பிடியிலிருந்து பின்னுக்குப் போக வேண்டும். பெட்ரோல் டாங்கி எங்கே வைத்தாலும் டாங்கி காலியாகக் காரின் சமநிலை மாறக்கூடாது. எம்.ஆர்.2-வின் முதல் தலைமுறையான ஏ.டபிள்யூ.11, இரண்டாம் தலைமுறையான எஸ்.டபிள்யூ.20 இரண்டிலும் டாங்கி இரு ஆசனங்களுக்கும் நடுவே உள்ள சுரங்கத்தில் கிடக்கிறது. இதைவிட நல்ல இடத்தை வெல்டிங் மெஷினோடு நிற்கும் ஒருவர் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இரண்டில் எது? 1984 முதல் 1989 வரை வந்த ஏ.டபிள்யூ.11 சுமார் ஒரு தொன் எடை, முன், பின் சில்லுகளுக்கு இடையே 2320 மில்லிமீற்றர். எஸ்.டபிள்யூ.20 1989 முதல் 1999 வரை, 2400 மில்லிமீற்றர், எடை 1200 கிலோவைத் தாண்டும். ஆரம்பகால எஸ்.டபிள்யூ.20 வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தவுடன் பின்பக்கம் திடீரெனச் சுழன்றுவிடும் என்று பெயர் வாங்கியது. டொயோட்டா 1992-இல் சஸ்பென்ஷனைத் திருத்தியது. ரேஸுக்கு என் தெரிவு ஏ.டபிள்யூ.11. இலேசான காரை வேகமாக்குவதைவிடப் பாரமான காரை இலேசாக்குவது எப்போதும் கடினம். ஆனால் கொழும்பில் துருப்பிடிக்காத ஏ.டபிள்யூ.11 அமைவது அதிர்ஷ்டம். கடற்காற்று பின்சில்லு வளைவையும், ஸ்பிரிங்கும் டாம்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் பூட்டப்படும் மேடையையும் முதலில் தின்றுவிடும்.

இந்த வழியின் குறை பின்பக்க ஸ்ட்ரட். சில்லு மேலே ஏறும்போது அதன் சாய்வு (காம்பர்) போதுமான அளவு மாறாது, அகலமான டயர் போட்டாலும் ஓரம்தான் பிடிக்கும். ஆகவே ஆசனத்துக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர்வரை காரை வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் குழாயில் சிறிய சட்டம் ஒன்று கட்டி, சில்லை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் போடுவதுதான் முழுமையான வேலை. எஞ்சினையும் அப்போதே மாற்றலாம். ஹொண்டா கே20ஏ அலுமினியம் புளொக், இன்டெக்ரா டைப் ஆர் (டி.சி.5) காரில் 220 குதிரைச் சக்தி. எஸ்.டபிள்யூ.20 டர்போவின் 3எஸ்-ஜிடிஈ இரும்பு புளொக், பாரம் கூட.

இங்கே பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. மலைப்பாதையில் ஏறி ஓட்டும் நம் பெரிய மலையேற்றப் போட்டி மஹகஸ்தோட்டையில், நுவரெலியாவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரத்தில் நடக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவு சக்தியை அங்கே இழக்கும்: 220 என்பது 183 சுற்றுக்கு இறங்கும். டர்போ அதில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். களுத்துறைக்குப் பக்கத்தில் உள்ள கட்டுக்குருந்தையோ பழைய விமான ஓடுதளம், கடல்மட்டம், வெயில். அங்கே டர்போக்காரருக்குத்தான் வெப்பத்தோடு போராட்டம். இன்னொன்று, கே20ஏ ஜப்பானின் உயர் ஒக்டேன் பெட்ரோலுக்காக 11.5-க்கு 1 அழுத்த விகிதத்தில் செய்த எஞ்சின். இங்குள்ள 95 ஒக்டேன் பெட்ரோலில் ஓட்டுவதென்றால் இக்னிஷனைத் திருத்தி டியூன் செய்தபிறகே முழு வேகம் போக வேண்டும்.

இரண்டாவது வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எம்.எக்ஸ்-5 மிக நல்ல கார். நாலு சில்லுக்கும் டபுள் விஷ்போன், எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. ஆனால் அது நல்ல காராக இருப்பதற்குக் காரணமே எஞ்சின் முன்னால், அச்சுக்குப் பின்தள்ளி இருப்பது. சில்லுகளுக்கு இடையே 2265 மில்லிமீற்றர்தான். ஆசனத்துக்குப் பின்னால் பெட்ரோல் டாங்கியை அகற்றி எஞ்சினை வைத்தால், ஓட்டுபவரை முன்னுக்குத் தள்ள வேண்டும். முன்னுக்குத் தள்ளினால் பெடல்கள் தடுப்புச் சுவரில் முட்டும், அதையும் வெட்ட வேண்டும். இரண்டு பக்கமும் வெட்டியபின் மஸ்டாவில் எஞ்சுவது கதவும் முகப்பும்தான். ரெனோ 5 டர்போ 1980-இல் இதே மாற்றத்தைச் செய்தது, ஆனால் அங்கே பின் ஆசனம் இருந்த இடம் கிடைத்தது, பின்னால் ஒரு தொழிற்சாலையும் இருந்தது. ஓடுகிற எம்.எக்ஸ்-5 ஒன்றை இதற்காக வெட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதை அப்படியே ரேஸ் காராக்குங்கள்.

மூன்றாவது வழிதான் மனதை இழுப்பது. எடை 600, 700 கிலோவுக்குள் வரும், எஞ்சின் எங்கே வேண்டுமோ அங்கே, உயரம் வேண்டிய அளவு. முன்சில்லு இழுக்கும் கார் ஒன்றின் ஹாஃப் கட், அதாவது வெட்டி எடுத்த முன்பாதி, முழுதாகக் கிடைத்தால் கியர்பொக்ஸ் கேள்விக்கும் ஒரே நாளில் பதில் கிடைத்துவிடும். சஸ்பென்ஷன் கேள்வியில்தான் இடறுகிறது.

அந்த முன்பகுதியின் ஹப்பையும் அதைச் சட்டத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கையையும் அப்படியே பின்னுக்கு வைப்பது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. முன்னே அந்த ஹப்பை ஸ்டியரிங் கம்பி பிடித்திருந்தது. பின்னே அந்தக் கம்பியின் உள்முனையைச் சட்டத்தில் ஓரிடத்தில் பூட்ட வேண்டும். அந்த இடம் இரண்டு விரல் அகலம் தவறினாலும், சில்லு மேலே ஏறும்போதெல்லாம் அது தானாகத் திரும்பும். வளைவில் பாரம் ஏறுவது வெளிப்பக்கச் சில்லில். அது வெளியே பார்க்கத் திரும்பினால் காரின் பின்பக்கம் ஓட்டுபவரைக் கேட்காமலே வீசும். பெரிய நிறுவனங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1984-இல் வந்த பொன்டியாக் ஃபியேரோ, செவ்ரலே சைட்டேஷனின் முன்பகுதியைப் பின்னால் வைத்த கார். பின் சஸ்பென்ஷனை 1988 மொடலுக்கு முழுதாக மாற்ற வேண்டி வந்தது.

கீழ்க் கையும் இந்தக் கம்பியும் ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில், ஒரே உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். ஆனால் அளந்தே தீர வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு தட்டையான இரும்புத் தகட்டைப் பூட்டி, அதில் முன்னும் பின்னும் பார்க்க இரண்டு லேசர் கட்டுங்கள். மூன்று மீற்றர் தள்ளி இரு பக்கச் சுவரிலும் வெள்ளைக் கடதாசி ஒட்டி, ஜக்கால் ஹப்பைப் பத்துப் பத்து மில்லிமீற்றராக உயர்த்தி ஒவ்வொரு தடவையும் புள்ளி போடுங்கள். இரண்டு சுவரிலும் புள்ளி ஒரே பக்கம் நகர்ந்தால் சில்லு பக்கவாட்டில் நகர்கிறது, அவ்வளவுதான். ஒன்று இடமும் மற்றது வலமும் போனால் சில்லு திரும்புகிறது. அந்தத் தூரத்தில் 5 மில்லிமீற்றர் என்றால் ஏறக்குறைய 0.1 பாகை. ஓர் ஓய்வு நாள் பகலில் முடிந்துவிடும் வேலை. இதைச் செய்யாமல் ஓட்டத்துக்குப் போகிறவர் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை. 2024 ஏப்ரல் 21-இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்து 7 பேர் இறந்ததைக் கண்ட நாடு இது. வேலி ஓரத்தில் நிற்பவர்களுக்கும் நாம் பொறுப்பு.

குழாயிலும் அதே கண்டிப்பு வேண்டும். பழைய சோனகத் தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. குழாய் தண்ணீர் ஓடுவதற்கானது. நீளத்துக்கும் வெல்ட் தையல் போட்டது, அதை வெல்ட் செய்யும்போது வரும் துத்தநாகப் புகையும் நஞ்சு. கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டான ரோல் கேஜின் பிரதான வளையத்துக்குச் சர்வதேச விதி கேட்பது தையல் இல்லாத, குளிர்முறையில் இழுத்த உருக்குக் குழாய்: 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 தடிப்பும், அல்லது 50-உம் 2.0-உம். அதைத் தேடி வாங்க முடியாவிட்டால் மூன்றாவது வழியை எடுக்காதீர்கள். முதல் வழியிலும் கேஜ் இதே குழாய்தான், ஆனால் அங்கே டொயோட்டாவின் நடுக்கூடும் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கும்.

வீதியில் ஓட்டும் எண்ணம் இருந்தாலும் முதல் வழிக்கே சாதகம். சேசி இலக்கம் உள்ள தகட்டைத் தொடாமல் விட்டு, எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளப் பாருங்கள். குழாய்ச் சட்டக் கார் லொறியில் ஏறித்தான் நுவரெலியா போகும்.

ஏ.டபிள்யூ.11 ஒன்று விற்பனைக்கு வந்தால் முதலில் பின் ஸ்ட்ரட் மேடையையும் ஆசனத்துக்குப் பின்னுள்ள சுவரின் அடியையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின் மேடை மட்டும் உக்கியிருந்தால் கவலை இல்லை, அதை எப்படியும் வெட்டப் போகிறீர்கள். விலையைக் குறைக்க அது போதும். சுவரும் சுரங்கமும் உக்கியிருந்தால் அந்தக் காருக்கு எஞ்சின், கியர்பொக்ஸ், ஹப் இவற்றின் விலையை மட்டும் சொல்லுங்கள். அப்போது நீங்கள் எடுப்பது மூன்றாவது வழி, அதற்கான குழாயைக் கையில் வாங்கி வைத்தபிறகே முற்பணம் கொடுங்கள்.